பிலாமரத்து வெட்டம்

நான் வந்து சேரும்வரை பல்பை அணைக்காத என் மைனிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கை ஆரம்பிக்கப் பார்க்கிறது. முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்த கை. கடிதம் என்றால் அதற்குத் தெரிந்த முறை அதுதான். நீங்கள் இருக்கும் இடத்தில் சுகத்துக்கு ஒரு குறையும் கிடையாது என்று போதகர் அடக்கத்தன்றே சொல்லிவிட்டார். அதனால் உங்களை விட்டுவிட்டு எங்கள் சுகத்தை எழுதுகிறேன்.

கிறிஸ்மஸ் முடிந்து இன்று மூன்றாம் நாள். மழை ஓய்ந்துவிட்டது. ரப்பர் இலை பழுக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் கொட்டிவிடும். உங்கள் கறுப்புக் கோழி இன்னும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால்தான் முட்டையிடுகிறது. எடுக்கப் போனால் என்னைக் கொத்துகிறது. உங்களை ஒரு நாளும் கொத்தியதில்லை, இல்லையா? உங்கள் மகன் பிரவீனுக்கு லீவு கிடைக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து அவனும் நித்யாவும் பிள்ளையும் போனில் முகம் காட்டினார்கள். அவன் பாதியிலேயே போனை நித்யாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

உங்கள் மருமகள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் கேட்டாள்: "ஜெசி அத்தை, எங்க அத்தை எப்பப் பார்த்தாலும் வெட்டம், வெட்டம்னு சொல்வாங்களே, அது வெளிச்சம்தானே?" மதுரைக்காரிக்கு எட்டு வருஷம் கழித்து வந்த சந்தேகம். "ஆமா மக்கா, வெளிச்சம்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு ஒரு மாதிரியாக இருந்தது. அவள் கேட்டது சரி, நான் சொன்ன பதில்தான் சரியில்லை.

நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. பக்கத்து மலையாளத்திலும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "வெட்டம் விழுந்தாச்சி, எழும்பு ஏட்டி" என்று விடியற்காலையில் என் போர்வையை இழுப்பீர்கள். அது வெறும் விடியல். அதை யாரும் சொல்லுவார்கள். உங்கள் வீட்டுக்காரரான என் அண்ணன் ஹாலில் டியூப்லைட் மாட்டிய அன்று நடந்ததுதான் எனக்கு முதல் பாடம். அவர் சுவிட்சைப் போட்டுவிட்டு மெடல் வாங்கப்போகிறவர் மாதிரி நின்றார். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தீர்கள்.

"வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெட்டத்தக் காணல்லியே."

"ரெண்டும் ஒண்ணுதாம்லா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணா? ஆளுக்க மொகத்தப் பாருங்க. ஆஸ்பத்திரியில கெடக்க மாதிரில்லா இருக்கு."

அதற்குப் பிறகு இருட்டினால் நீங்கள் ஹாலில் உட்கார்ந்ததில்லை. அடுக்களையில் மஞ்சள் பல்புக்குக் கீழே பலகையைப் போட்டுக்கொண்டீர்கள். உங்களைத் தேடி நாங்களும் ஒவ்வொருவராக அங்கே வந்துவிட்டோம். டியூப்லைட் ஆளில்லாத ஹாலில் தனியாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு வாரம் வீம்பாக அதற்குக் கீழே பேப்பர் படித்தார். எட்டாம் நாள் பேப்பரோடு அடுக்களைக்கு வந்து சேர்ந்தார்.

முகத்துக்கும் நீங்கள் அந்த வார்த்தையைத்தான் வைத்திருந்தீர்கள். எனக்குக் காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடித்த அன்று தாடையைப் பிடித்துத் திருப்பி, "இப்பம்தான் மொகத்துல வெட்டம் வந்திருக்கு" என்றீர்கள். பிள்ளை உண்டான பெண்களைப் பார்த்தால் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவீர்கள். வளைகுடாவிலிருந்து வந்த ஒருவன் கோயில் வாசலில் கழுத்துச் செயின் மின்ன நின்றான். எல்லோரும் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது என் காதில் சொன்னீர்கள்: "வெட்டம் செயின்ல உண்டு. மொகத்துல இல்ல. பயலுக்கு அங்கண என்ன கஷ்டமோ." கேட்டதும் சிரித்தேன். அப்புறம் அவனைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ரப்பர் ஷீட்டையும் விடவில்லை. புகை போட்டு எடுத்த ஷீட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பீர்கள். தேன் நிறத்தில், குமிழோ கறையோ இல்லாமல் வெட்டம் ஊடே வந்தால் அது முதல் தரம். பிரவீனுக்குப் பெண் பார்த்த காலத்தில் தரகர் போட்டோ போட்டோவாகக் கொண்டுவந்து கொட்டினார். "போட்டோவ வச்சி என்ன செய்ய? ஆள வெட்டத்துல பிடிச்சிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டீர்கள். மதுரைக்குப் போனோம். நித்யா காப்பி கொண்டுவந்தவள் அண்ணன் சட்டையில் பாதியைக் கொட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில், வள்ளியூர் தாண்டியதும், என் தொடையில் தட்டி, "குமிழ் ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றீர்கள். இதை நித்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தன்னை ஷீட்டாக்கிவிட்டோம் என்று சண்டைக்கு வருவாள்.

புகைப்புரையில் தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது. ஷீட் எல்லாம் பற்றிக்கொள்ளும். விறகு கனன்றபடி புகைந்துகொண்டிருந்தால் போதும். அண்ணன் கோபம் வந்து குதிக்கும்போதெல்லாம் நீங்கள் அங்கிருந்துதான் வார்த்தை எடுத்தீர்கள். "ஏங்க, தீ எரியுகு. வெட்டம் போதும்." அவர் இன்னும் இரண்டு வார்த்தை கத்துவார், பிறகு அடங்கிவிடுவார். கோபமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னதில்லை. அதனால்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் நித்யாவுக்கு எழுதி அனுப்பிவிடலாம். ஒன்றை மட்டும் உங்களிடம்தான் சொல்லவேண்டும். முப்பத்துமூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் எதிரில் இருந்தபோது வாய் வரவில்லை. இப்போது எழுதினால் மட்டும் உங்களுக்கு எட்டுமா? எழுதுகிறேன், எட்டினவரைக்கும் எட்டட்டும்.

இராஜாக்கமங்கலத்தில் இரண்டே வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, மஞ்சள்காமாலையில் அவரைப் பறிகொடுத்து, ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு நான் திரும்பி வந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ஆபீசில் வேலை கிடைத்ததும் அந்த வருஷம்தான். "வீட்டுல கெடந்து வெப்ராளப்பட்டு அழாத, போ" என்று என்னை முதல் நாள் பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நீங்கள்தான். போனேன், வந்தேன். காலையில் போகும்போது அழ முடியாது, கூட வேலை செய்கிறவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள். திரும்பி வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வழி நெடுக அழுவேன்.

டிசம்பர் வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. நம் வீட்டில் இல்லை. வீட்டில் சாவு விழுந்து துட்டி நடந்தால் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, அது ஊர் வழக்கம். கேரல் பாடி வருகிறவர்கள்கூட ஸ்டார் இல்லாத வீட்டைக் கண்டால் ட்ரம்மை நிறுத்திவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. அவருக்காக இந்த வீடாவது இருட்டாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் இறங்கி மேலே ஏறி வருகிறேன், வீட்டுக்குப் பக்கவாட்டில் நிற்கும் பிலாமரத்தில் வெள்ளைக் காகித ஸ்டார் ஒன்று மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"எனக்க மாப்பிள செத்ததுல ஒங்களுக்குக் கொண்டாட்டமா மைனி?"

கேட்டது மட்டுமா? எட்டி அந்த ஸ்டாரைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். நீங்கள் ஓடிவந்து என்னைத் தடுக்கவில்லை. வெறுங்கையால் பல்பைப் பிடித்துக்கொண்டு, "பைய மக்கா, பைய. பல்பு சுடும்" என்றீர்கள். எனக்குச் சுட்டுவிடும் என்று சொன்னீர்கள். உங்கள் உள்ளங்கை சிவந்திருந்ததை மறுநாள் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அதே கிளையில் பல்பு மட்டும் தொங்கியது. அதையும் என்னைக் குத்திக் காட்டுவதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் பிறந்த பிறகும் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்டாரை யாராவது வீட்டுக்கு முன்னால் கோயில் தெருவைப் பார்த்துக் கட்டாமல், ஒருவரும் நடமாடாத பக்கத்தில் பஸ் ரோட்டைப் பார்த்துக் கட்டுவார்களா? அதைக்கூட யோசிக்கத் தெரியாத டைப்பிஸ்ட் நான்.

அப்புறம் ஒரு நாள் கோடை மழை. காற்றில் எங்கேயோ மரம் விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"டைப்பிஸ்டம்மா, ஒங்க மைனிக்க வெட்டம் வந்தாச்சி. எறங்குங்க."

அன்றுதான் முதல் முறையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலைச்சரிவில் ஒரு வீட்டிலும் ஒளி இல்லை. பிலாமரத்துக் கிளையில் மட்டும் அரிக்கேன் விளக்கு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இது எப்பம் இருந்து?" என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ்ல இருந்துல்லா! நீங்க ரெண்டு மட்டம் எடம் தெரியாம கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டிய. இருட்டுல தனியா நடந்து வந்திய. ஒங்க மைனி மறுநாளே வந்து என்னப் பிடிச்சாவ. 'இங்கண போர்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரத்துல ஒரு ஸ்டாரு கட்டுகேன், அது தூரத்துலயே தெரியும். அதப் பாத்து வண்டிய நிறுத்தி எங்க பிள்ளைய எறக்கி விடுங்க'ன்னாவ. பெறவு ஸ்டாரு போச்சி, பல்பு வந்து. டிரைவருக்கு இப்பம் அதுதான் ஸ்டாப்பு."

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. மேலே ஏறி வந்தேன். நீங்கள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். "வந்தியா?" என்றீர்கள். தினமும் கேட்பதுதான். நான்தான் பதில் சொல்லாமல் கடந்துபோவேன். அன்று "வந்தேன்" என்றேன். உங்கள் கையிலிருந்து தேங்காய் மூடியை வாங்கித் துருவ உட்கார்ந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நீங்களும் அதற்காகக் காத்திருந்தது போலத் தெரியவில்லை. "நல்லாப் பூவாத் துருவு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்லுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் மைனி. அந்தப் பல்புக்காக உங்களுக்கு நன்றி. அது இல்லாதிருந்தால் மூன்றாம் முறை கடைசி ஸ்டாப்புக்குப் போயிருப்பேன், அங்கிருந்து திரும்பி வரத் தோன்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பல்பு ஒரு நாளும் எரியாமல் இருந்ததில்லை. பிரவீன் நாகர்கோவிலில் படித்தபோது அவனுக்கும் சேர்த்து எரிந்தது. வீட்டில் யார் வரவேண்டியிருந்தாலும் "வெட்டம் போட்டாச்சி" என்று சொல்லுவீர்கள். உனக்காக ஒருத்தி விழித்திருக்கிறாள், சோறு எடுத்து வைத்திருக்கிறாள், வந்து சேர் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. நித்யா கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான். ரிட்டயர் ஆன பிறகு "இனி யாருக்கு மைனி இது?" என்று நான் கேட்டதற்கு, "பஸ்ஸுல வேற ஆளே இல்லியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள்.

ஆவணியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம். அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீங்கள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, வெட்டம் போட்டாச்சா?"

"போட்டாச்சி மைனி" என்றேன்.

வீடு இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. பல்பு போட அங்கே ஒரு ஆளும் இல்லை. நீங்கள் "ம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள். உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு பொய். அதைத் தெரிந்துகொண்டேதான் போனீர்களா?

அண்ணனைப் பற்றி எழுதவேண்டும். நல்ல சேதியாக மட்டும் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். நீங்கள் போனதிலிருந்து அவர் வீட்டில் ஒரு லைட்டையும் போடவிடவில்லை. பொழுது சாய்ந்தால் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு இருட்டில் உட்கார்ந்துவிடுவார். நான் அடுக்களை பல்பைப் போட்டால் கதவைச் சாத்தச் சொல்லுவார். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கார்த்திகை மாதம் இருட்டில் படி தவறி விழுந்து முட்டியில் ஆறு தையல். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எப்படிக் கவனிப்பது? இப்படியே போனால் வருகிற வருஷமும் இந்த வீட்டில் ஸ்டார் கட்டமுடியாமல் ஆகிவிடும் என்று பயந்துபோனேன்.

பிலாமரத்துப் பல்பும் பீஸ் போய்விட்டிருந்தது. கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது குலசேகரத்துக்குப் போய் மஞ்சள் பல்பு கேட்டேன். அந்தப் பழைய பல்பு இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் இரண்டு எல்.இ.டி. பெட்டியை எடுத்து வைத்து, "வார்ம் வேணுமா, கூல் வேணுமா?" என்று கேட்டார். இரண்டையும் எரியவிட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்று நம் பழைய டியூப்லைட்டுக்குத் தம்பி. இன்னொன்றைப் போட்டதும் கடைக்காரர் முகமே நல்ல மனுஷன் முகமாக மாறியது. மைனி, வெட்டத்தை இப்போது பெட்டிக்குள் போட்டு, மேலே பெயர் எழுதி விற்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பீர்கள்.

பல்பைக் கொண்டுவந்து கிளையில் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து அணைத்தார். நான் மறுபடி போட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்க பெண்டாட்டி செத்ததுல ஒனக்குக் கொண்டாட்டமா ஏட்டி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த அதே கேள்வி. கோபம் வரவில்லை மைனி. உங்களுக்கு அன்று ஏன் கோபம் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது அது.

"கடைசியா அதயா கேட்டா?" என்றார்.

"அதத்தான் கேட்டாவ. நாலு மாசமா நான் பொய்க்காரியாட்டு நிக்கேன் அண்ணே. அத உண்மையாக்க விடுங்க."

அவர் எழுந்து உள்ளே போய் இருட்டில் படுத்துக்கொண்டார். என் கெஞ்சல் எடுபடவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் உங்கள் தகரப் பெட்டியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து மடித்த ஒரு காகிதப் பொதியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். நான் கிழித்த ஸ்டார். கிழிந்த இடமெல்லாம் ரப்பர்பால் தடவி ஒட்டியிருந்தீர்கள். பால் காய்ந்து பழுப்பேறி, காகிதத்தில் வரிவரியாக ஓடியது.

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். "நீ கிழிச்ச மறுநாளே ஒட்டினா. 'திருப்பிக் கட்டப் போறியா'ன்னு கேட்டேன். 'அவளே ஒருநா கட்டுவா, இருக்கட்டு'ன்னு சொல்லிப் பெட்டிக்குள்ள வச்சா."

மைனி, அன்று நான் அழுதது துக்கத்தில் மட்டும் அல்ல. நீங்கள் என் மன்னிப்பை என்னைக் கேட்காமலே வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அது தெரியாமல் நான் இத்தனை வருஷம் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறிக் கட்டினேன். அறுபது வயசுக்காரி மரத்தில் ஏறுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அய்யாவழிக்கார அக்கா, "ஜெசி, விழுந்து வச்சிராத" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். எல்.இ.டி. சுடாது, அதனால் பழைய காகிதம் தாங்கியது. சுவிட்சைப் போட்டதும் கிழிசல் ஓடிய இடமெல்லாம் மற்ற இடத்தைவிட அழகாக இருந்தது, நம் முதல் தர ஷீட்டின் தேன் நிறத்தில்.

மூன்று நாள் கழித்து ஏழு மணி வாக்கில் கேரல்காரர்கள் வந்தார்கள். ஸ்டார் எரிகிறது, அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ட்ரம் அடித்துக்கொண்டு, கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டு, முற்றம் வரை வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவருக்கு அண்ணனைக் கண்டதும்தான் உறைத்தது. கையைத் தூக்கினார். ட்ரம் நின்றது. தாத்தா மட்டும் பின்னால் விஷயம் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஆடினார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. ஸ்டார் கெடந்து. துட்டி வீடுன்னு ஓர்ம இல்லாம வந்துட்டோம்" என்று அவர் கையைப் பிசைந்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போது தீ எரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வராந்தா லைட்டைத் தானே போட்டார்.

"வந்தது வந்தாச்சில்லா. பாடிட்டுப் போங்க. ட்ரம் வேண்டாம். பைய பாடுங்க, அவளுக்கும் கேக்கட்டு."

பாடினார்கள். ஒரு வரிகூட விடாமல் அண்ணனும் பாடினார். துட்டி வீட்டில் ஸ்டார் கட்டிக் கேரல் பாடவைத்தோம் என்று ஊரில் இரண்டு பேர் பேசத்தான் செய்தார்கள். பேசட்டும். அன்று ராத்திரி அவர் தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். நாலு மாதத்தில் அவராகக் கேட்டு வாங்கியது அது முதல் தடவை.

இப்போது கடைசிச் சேதி. நேற்றுச் சாயங்காலம் நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. எஸ்டேட் பஸ் வரும் நேரம். வராந்தாவிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, அவர் வாயில் அது எப்போதும் "லைட்டு"தான். உங்களைச் சீண்டுவதற்கென்றே அப்படிச் சொல்லுவார். நேற்று அப்படிச் சொல்லவில்லை.

"ஏட்டி, வெட்டம் போட்டாச்சா?"

மீன் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். பிலாமரத்தில் எரிந்துகொண்டிருந்தது. கீழே வளைவில் பஸ் நின்று, யாரோ ஒரு பெண் இறங்கி, ஸ்டாரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள்.

"போட்டாச்சி அண்ணே" என்றேன்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன் மைனி. இந்தத் தடவை பொய் இல்லை. ஸ்டாரை ஜனவரியில் அவிழ்த்து உங்கள் பெட்டியில் வைத்துவிடுவேன். பல்பு அங்கேயே இருக்கும். எனக்கு நடமாட்டம் உள்ளவரைக்கும் பொழுது சாய்ந்தால் அது எரியும், அதற்குப் பிறகு போடவேண்டியது யார் என்று நித்யாவிடம் சொல்லிவைப்பேன். நான் வரும்போது நீங்களும் அங்கே ஒன்றைப் போட்டு வையுங்கள். எனக்கு இடம் தெரியாமல் கடந்துபோகிற பழக்கம் உண்டு.

நீங்கள் இறக்கிவிடச் சொன்ன பிள்ளை,
உங்கள் நாத்தனார்
ஜெசி